ஊறல் தண்ணி போட்டதும் க்ரானுல் ஏன் பஞ்சாவுது?

முதல்ல உங்க கேள்விய என் வார்த்தைல ஒருதடவ சொல்லிடறேன், தப்பா புரிஞ்சுகிட்டு பக்கம் பக்கமா எழுதிடக்கூடாது பாருங்க. தஞ்சாவூர்ல எம்.டெக் ப்ராஜெக்ட், மூணு லிட்டர் அக்ரிலிக் காலம்ல (column, நெட்டுக்குத்தா நிக்கற குழாய் டேங்க்) ஏரோபிக் க்ரானுலர் ஸ்லட்ஜ், அதாவது கழிவுநீர சுத்தம் பண்ற பாக்டீரியா உருண்டை, வளக்கறீங்க. சோடியம் அசிடேட் ஊத்தி வளத்த வரைக்கும் கேவுரு மணி மாதிரி உருண்டை உருண்டையா அழகா வந்துச்சு. அப்பறம் புழுங்கல் அரிசி மில்லுலேர்ந்து ஊறல் தண்ணிய (நெல் ஊறப்போட்ட தண்ணி) கேன்ல கொண்டாந்து ஹாஸ்டல் சாக்கடைத் தண்ணியோட கலந்து போட ஆரம்பிச்சீங்க, மூணே வாரத்துல உருண்டை மேல பஞ்சு முளைச்சு, வெளிய வர்ற தண்ணி கலங்கலாயிடுச்சு. அதுலயும் ஒரு வாரம் தேவலாம் மாதிரி இருக்கு, அடுத்த வாரம் மோசமா போவுது. உங்க கைடு எல்லாத்தையும் ஃபில்டர் பண்ணிட்டு போடுங்கறார். நீங்க கேட்டிருக்கறது, திடப்பொருள முழுக்க எடுத்துடணுமா இல்ல க்ரானுல் அத தின்னு பழகிக்குமான்னு. ஆனா நிஜமா உங்களுக்கு தெரிய வேண்டியது வேற ஒண்ணுன்னு எனக்கு படுது: துகளா வர்ற சாப்பாடு எந்த இடத்துல, எந்த நேரத்துல கரையுதுங்கறதுதான் விஷயம். அது சரியா அமைஞ்சா சாப்பாடு, தப்பா அமைஞ்சா பஞ்சு.

நான் யாருன்னு சொல்லிடறேன், எவ்வளவு நம்பலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். இருபது வருஷத்துக்கு மேல தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எஸ்.டி.பி (சாக்கடைத் தண்ணி சுத்திகரிப்பு), இ.டி.பி (ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு) ஓட்டறது, ஓடாதத ஓட வைக்கறது, இதான் பொழப்பு. பெரும்பாலும் சாதா ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜும் (காத்தடிச்சு பாக்டீரியாவ வளத்து சுத்தம் பண்ற முறை) எஸ்.பி.ஆரும்தான் (அதையே ஒரே டேங்க்ல ரொப்பி, காத்தடிச்சு, படிய விட்டு, தெளிவ எடுக்கறது). க்ரானுல்னு எடுத்துகிட்டா மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி மில்லுல ஆயிரம் லிட்டர் பைலட் டேங்க் ஒண்ண ஒரு வருஷத்துக்கு மேல கட்டிகிட்டு அழுதிருக்கேன், அவ்வளவுதான். பெரிய அளவுல க்ரானுலர் பிளாண்ட் நான் ஓட்டினதில்ல. அதனால கீழ சொல்றதுல பாதி படிச்சது, பாதி கையில சேறு ஒட்டினது, எது எதுன்னு அங்கங்க சொல்லிடறேன்.

க்ரானுல் ஏன் உருண்டையா வருதுங்கறதுலேர்ந்து ஆரம்பிக்கணும், இல்லன்னா பஞ்சு ஏன் வருதுன்னு புரியாது. நெதர்லாந்துல டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துல மார்க் வான் லூஸ்ட்ரெக்ட் குழு வளத்தெடுத்த டெக்னாலஜி இது, நெரெடாங்கற பேர்ல வெளிய வந்துச்சு, ஊர் சாக்கடைக்குன்னு 2009ல தென்னாப்பிரிக்காவுல கான்ஸ்பாய்ல போட்டாங்க, அப்பறம் நெதர்லாந்துலயே எப்பேங்கற ஊர்ல. அதோட சூட்சுமம் ரெண்டு. ஒண்ணு, வேகமா கீழ எறங்கறது மட்டும் டேங்க்ல தங்கும், மெதுவா எறங்கறது வெளிய போயிடும். ரெண்டாவதுதான் முக்கியம், சாப்பாட காத்து இல்லாத நேரத்துல, அடில படுத்திருக்கற ஸ்லட்ஜுக்குள்ள கீழேர்ந்து மெதுவா ஏத்தணும். அசிடேட் மாதிரி சின்ன மாலிக்யூல் உருண்டைக்குள்ள நடு வரைக்கும் நுழையும், அங்க இருக்கற பாஸ்பரஸ் சேத்து வைக்கற பாக்டீரியாவும் கிளைகோஜன் சேத்து வைக்கற பாக்டீரியாவும் அத இழுத்து வயித்துக்குள்ள பி.எச்.ஏங்கற கொழுப்பு மாதிரி சேத்து வச்சுக்கும். அப்பறம் ஏரேஷன் (காத்தடிக்கறது) போடறப்ப வெளிய சாப்பாடு எதுவும் மிச்சம் இருக்காது, சேத்து வச்சத தின்னுதான் வளரணும். சேத்து வச்சு திங்கறவன் மெதுவாத்தான் வளருவான், உள்ளயும் வளருவான், வெளியயும் வளருவான், அதனால மேல்தோல் வழவழன்னு இருக்கும். நம்ம ஊர்ல களத்துல நெல்ல அடிச்சு பத்தாயத்துல போட்டுட்டு அடுத்த போகம் வரைக்கும் சாப்பிடற குடும்பம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

இப்ப அதே டேங்க்ல கஞ்சிய ஊத்தறீங்க. பாக்டீரியாவுக்கு வாயும் இல்ல பல்லும் இல்ல, செல்லோட சவ்வு வழியா உள்ள போவணும்னா ஆயிரம் டால்டனுக்குள்ள (மாலிக்யூலோட எடைய சொல்ற அலகு) இருக்கற சின்ன மாலிக்யூலா இருக்கணும். ஸ்டார்ச்சோட ஒரு மாலிக்யூலே லட்சம், கோடின்னு போவும், துகளா இருந்தா கேக்கவே வேணாம். அதனால செல்லுக்கு வெளியவே என்சைம் விட்டு வெட்டி, சர்க்கரையா ஆக்கி, அப்பறம்தான் இழுக்க முடியும். இதத்தான் ஹைட்ராலிசிஸ்ங்கறோம். வெறும் சோத்த ரொம்ப நேரம் மென்னா லேசா இனிக்குமே, அது எச்சில்ல இருக்கற அமைலேஸ் பண்ற ஹைட்ராலிசிஸ்தான். மாட்டுக்கு வைக்கற கழனித்தொட்டிய பாத்திருப்பீங்க, காலைல ஊத்தின கழுநீரும் வடிகஞ்சியும் சாயந்திரம் வரைக்கும் வெள்ளையா கலங்கிதான் நிக்கும், மறுநாள் காலைல போய் மோந்து பாத்தா புளிச்ச வாடை வரும். அந்த ராத்திரி நேரம்தான் ஹைட்ராலிசிஸுக்கு தேவைப்பட்ட நேரம். உங்க காலம்ல ஃபீடு போடற காத்தில்லாத நேரம் எவ்வளவு, ஒரு மணி நேரம்னு எழுதியிருந்தீங்க. கழனித்தொட்டிக்கு ஒரு ராத்திரி ஆவுது, உங்க டேங்க்குக்கு ஒரு மணி நேரம் குடுத்திருக்கீங்க.

அந்த ஒரு மணி நேரத்துல கரையாத துகள் என்ன ஆவுது? உருண்டைக்குள்ள நுழைய முடியாது, ஓட்டை அவ்வளவு பெருசு இல்ல. மேல்தோல்ல போய் ஒட்டிக்கும். அப்பறம் ஏரேஷன் ஆரம்பிக்கும், ஒட்டின இடத்துலயே கொஞ்சம் கொஞ்சமா கரையும், கரையற சர்க்கரை அங்கயே கிடைக்கும், பக்கத்துலயே ஆக்சிஜனும் கிடைக்கும். பந்திய நடுக்கூடத்துல போடாம திண்ணைல போட்டா என்ன ஆவும், திண்ணைல இருக்கறவன்தான் திம்பான், உள்ள இருக்கறவன் பட்டினி. திண்ணைலயும் யாரு கைய நீட்டி முதல்ல எடுக்கறானோ அவனுக்குதான். நூல் மாதிரி வளர்ற ஃபிலமென்ட் பாக்டீரியாவுக்கு இதான் ராஜவாழ்க்கை, தோல்லேர்ந்து வெளிய நீட்டிகிட்டு போனா சாப்பாடும் காத்தும் முதல்ல அதுக்குதான். ஒரு மேடு கொஞ்சம் நீண்டா அது இன்னும் அதிகமா திங்கும், அதனால இன்னும் நீளும், கடைசில உருண்டை மேல விரல் விரலா முளைச்சு நிக்கும். இதெல்லாம் என் கற்பனை இல்ல, 2010ல டெல்ஃப்ட்லயே மெர்லே டி க்ரெய்க் குழு ஸ்டார்ச்ச போட்டு பாத்து எழுதினது, ஸ்டார்ச் தோல்ல ஒட்டிகிட்டு மெதுவா கரையறதும், அதனால ஃபிலமென்ட் வளர்ந்து உருண்டை அடர்த்தி குறையறதும். உங்களுக்கு வந்திருக்கறது அதே பஞ்சுதான்னு அடிச்சு சொல்வேன், ஏன்னா நீங்க போட்டதும் ஸ்டார்ச்தான்.

மன்னார்குடி பைலட்ல எனக்கும் அதேதான் ஆச்சு. ஊறல் தண்ணி போட ஆரம்பிச்சு ஒரு மாசத்துல ஒரு லிட்டர் சிலிண்டர்ல அஞ்சு நிமிஷத்துக்கு 180 மில்லில நின்ன ஸ்லட்ஜு 420ல வந்து நின்னுச்சு. அங்க ஷிப்ட் பாக்கற ஆபரேட்டர் சிலிண்டர தூக்கி வெளிச்சத்துல காட்டிட்டு, "சார், இது கஞ்சி குடிச்சு உப்பிடுச்சு சார்"ன்னார். நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ராத்திரி வீட்ல படுத்தப்பதான் உறைச்சுது, அவர் சொன்னத சோதிச்சு பாக்க வழி இருக்கேன்னு. மறுநாள் மெடிக்கல்ல டிங்சர் அயோடின் ஒரு பாட்டில் வாங்கிட்டு போனேன். ஏரேஷன் ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம் ரெண்டு மூணு உருண்டைய எடுத்து, நல்ல தண்ணில அலசி, வாட்ச் கிளாஸ்ல வச்சு ஒரு சொட்டு விட்டேன். உருண்டைய சுத்தி நீலக் கருப்பா ஒரு வளையம், நாவப்பழத் தோல் மாதிரி. பிளேடால ரெண்டா வெட்டி மறுபடி ஒரு சொட்டு, உள்ள நீலம் ஒரு பொட்டுகூட இல்ல, வெறும் பழுப்பு. ரெண்டு மணி நேரம் ஏரேஷன் ஓடினப்பறம் எடுத்த உருண்டைல வளையம் திட்டு திட்டா மிச்சம் இருந்துச்சு, நாலு மணி நேரத்துல மறைஞ்சு போச்சு. ஊறல் தண்ணி ஸ்டார்ச் பூரா தோல்ல உக்காந்து, காத்து ஓடற நேரத்துல கரைஞ்சிருக்குன்னு இதவிட சாட்சி வேணுமா. நீங்க இத நாளைக்கே பண்ணி பாருங்க, பெரிய செலவு இல்ல. ஒண்ணு மட்டும் கவனிங்க, அயோடின் ஸ்டார்ச்ச மட்டும்தான் காட்டும், தவிட்டு எண்ணெயையும் புரதத்தையும் காட்டாது, அதோட கிளைகோஜன் சேத்து வச்ச பாக்டீரியா செம்பழுப்பா தெரியும், அத பாத்து ஸ்டார்ச் உள்ள போயிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க.

அப்ப கைடு சொல்ற மாதிரி எல்லாத்தையும் ஃபில்டர் பண்ணிட வேண்டியதுதானேன்னா, அங்கதான் நான் மாறுபடறேன். ஊர் சாக்கடைல சி.ஓ.டி.ல (தண்ணில இருக்கற கரிம அழுக்க ஆக்சிஜன் கணக்குல சொல்ற அளவு) பாதிக்கு மேல துகளாத்தான் வரும், அத பூரா எடுத்துட்டா பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் எடுக்க வேண்டிய பாக்டீரியாவுக்கு சாப்பாடு இருக்காது, எடுத்த சேத்த என்ன பண்றதுங்கற தலைவலி தனி. பிரைமரி கிளாரிஃபையர் (முதல்ல துகள படிய வைக்கற தொட்டி) இல்லாம ஜல்லடையும் மணல் பிடிக்கற சேம்பரும் மட்டும் வச்சுகிட்டு ஓடற பெரிய க்ரானுலர் பிளாண்ட் இருக்கத்தான் செய்யுது, துகள் விஷம்னா அதெல்லாம் எப்பவோ படுத்திருக்கணும். ஆனா அங்க உள்ள போய் பாத்தா மொத்தமும் உருண்டையா இருக்காது, கூடவே சாதா ஃப்ளாக்கும் (லேசான, உதிரியான பாக்டீரியா திரள்) கொஞ்சம் எப்பவும் இருக்கும். துகளுக்கு ஃப்ளாக்தான் தோதான இடம், ஒரே எடைக்கு மேற்பரப்பு அதிகம், ஒட்டிக்க எடம் அதிகம். அசிடேட் டேங்க்க பாத்து பழகினவங்களுக்கு ஃப்ளாக்க கண்டாலே அலர்ஜி, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப நான் அத திண்ணைன்னு நெனைக்கறேன், தெருவுல வர்றவன உக்கார வைக்கறதுக்கு வேணும், ஆனா திண்ணையே வீடா ஆயிடக்கூடாது. அதனாலதான் கழிவு ஸ்லட்ஜ எடுக்கறப்ப படுக்கையோட மேல்பகுதிலேர்ந்து எடுக்கணும், லேசானது, பஞ்சானது, துகள தின்னு கொழுத்தது எல்லாம் மேலதான் எறங்கும். நீங்க ஏரேஷன் நடக்கறப்ப கலந்த தண்ணிய பைப்பெட்ல எடுக்கறதா போட்டிருந்தீங்க, அப்படி எடுத்தா நல்லதும் கெட்டதும் சமமா போவும், எதையும் தேர்ந்தெடுத்த மாதிரி ஆவாது.

ஃபீட மேலேர்ந்து ஊத்தறீங்களா, கீழேர்ந்து ஏத்தறீங்களான்னு நீங்க எழுதல. மேலேர்ந்துன்னா முதல் வேலையா அத மாத்துங்க. படுத்திருக்கற ஸ்லட்ஜு படுக்கை ஒரு மணல் ஃபில்டர் மாதிரி வேலை செய்யும், கீழேர்ந்து மெதுவா ஏத்தினா துகள் பெரும்பாலும் அடில, உருண்டைக்கு நடுவுல இருக்கற சந்துலயே மாட்டிக்கும். உருண்டைக்குள்ள போவாது, ஆனா சந்துல தங்கறப்ப அங்க இருக்கற என்சைம் கொஞ்சம் கொஞ்சமா கடிக்கும், கரைஞ்சது மேல ஏறி உள்ள நுழையும். காத்தில்லாம அந்த நிலைல எவ்வளவு நேரம் வைக்கறீங்களோ அவ்வளவுக்கு திண்ணைப் பந்தி குறையும்.

இனிமே சொல்லப்போறது உறுதியா முடிவாகாத விஷயம். காத்தில்லாத நேரத்துல எவ்வளவு துகள் கரையுதுங்கறதுல ஆராய்ச்சிக்காரங்களே ஒரே பேச்சா இல்ல, ஸ்டார்ச்சுக்கு ஒரு வேகம், புரதத்துக்கு ஒரு வேகம், செல்லுலோஸ் அந்த நேரத்துல அசையவே அசையாது. அடுத்தது புரோட்டோசோவாங்கற ஒரு செல் உயிரி. மைக்ராஸ்கோப்ல பாத்தா காம்பு வச்ச மணி மாதிரி கொத்து கொத்தா உருண்டை மேல நிக்கும் பாருங்க, அது துகளையும் தனியா மிதக்கற பாக்டீரியாவையும் இழுத்து முழுங்கும், அதுக்கு ஹைட்ராலிசிஸுக்கு காத்திருக்க வேண்டியதில்ல, அப்படியே முழுசா உள்ள தள்ளிடும். தண்ணி தெளியறதுக்கு நல்லதுதான். ஆனா அந்த காம்பு மேலயே பாக்டீரியா குடியேறி புது உருண்டைக்கு பந்தக்காலா ஆவறதாவும் பாத்திருக்காங்க, அதே காம்பு அளவுக்கு மீறினா பஞ்சு மாதிரி எறங்காம மிதக்கறதையும் நான் கண்ணால பாத்திருக்கேன். இது நண்பனா பகையான்னு கேட்டா, ஏரேஷன் டேங்க்ல ரெண்டும்தான். மூணாவது வெயில். ஐரோப்பாவுல 10, 15, 20 டிகிரில பண்ணின சோதனைதான் அதிகம், நம்ம டேங்க்ல சித்திரை மாசம் 32 டிகிரி நிக்கும். ஹைட்ராலிசிஸ் சூட்டுல வேகமாவும், அது நமக்கு சாதகம். ஆனா தண்ணில கரையற ஆக்சிஜன் 20 டிகிரில 9 மி.கி.ன்னா 30 டிகிரில ஏழரைதான், திங்கற வேகம் கூடும், கிடைக்கற காத்து குறையும், தோல்ல ஆக்சிஜன் பத்தாம போனா மறுபடி ஃபிலமென்டுக்குதான் கொண்டாட்டம். கூட்டிக்கழிச்சா டெல்டாவுக்கு நல்லதா கெட்டதான்னு பேப்பர்ல கணக்கு போட்டு சொல்றவங்கள நான் நம்பறதில்ல, ஓட்டிதான் பாக்கணும்.

வெளிநாட்டு பேப்பர் நம்பர அப்படியே எடுத்து போட்டுக்காதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அங்க சாக்கடைல வர்ற துகள்ல கணிசமான பங்கு டாய்லெட் பேப்பர் நார், நாம தண்ணி ஊத்தி கழுவறவங்க, நமக்கு அது இல்ல. நமக்கு வர்றது சோத்துப் பருக்கை, கஞ்சி, சாம்பார் எண்ணெய், பாத்திரம் தேய்ச்ச மண்ணு. அதோட நம்ம பக்கம் நிலம் தட்டை, சாக்கடை பைப்புக்கு சரிவு கிடைக்கறதே கஷ்டம், பம்பிங் ஸ்டேஷன் வரைக்கும் தண்ணி நின்னு நின்னுதான் போவும். அந்த சூட்டுல பைப்புக்குள்ளயே ஹைட்ராலிசிஸ் ஆரம்பிச்சுடும், பிளாண்ட்டுக்கு வந்து சேர்றப்ப பாதி புளிச்சிருக்கும். க்ரானுலுக்கு இது ஓசில கிடைக்கற உபகாரம், ஆனா கூடவே சல்ஃபைடும் வரும், முட்டை அழுகின வாடை, அத தின்னு வளர்றதுக்குன்னே தியோத்ரிக்ஸ்னு ஒரு ஃபிலமென்ட் காத்துகிட்டு இருக்கும். உங்க ஹாஸ்டல் சாக்கடை நேரா பக்கத்து சேம்பர்லேர்ந்து எடுக்கறதுன்னா புளிக்க நேரமே இருந்திருக்காது, பருக்கை பருக்கையா புதுசா வரும். ஐப்பசி, கார்த்திகை மழைல இது எல்லாமே மாறிடும், தண்ணி நீர்த்து போய் வண்டல்தான் அதிகமா வரும். வண்டல் சாப்பாடு இல்ல, அதனால பஞ்சு முளைக்காது, எடை வேணா கூடும், எம்.எல்.எஸ்.எஸ் (டேங்க்ல மிதக்கற மொத்த திடப்பொருள்) நம்பர் மட்டும் ஏறி ஸ்லட்ஜு நல்லா வளருதுன்னு ஏமாத்தும். வி.எஸ்.எஸ் (அதுல எரிஞ்சு போற கரிமப் பங்கு மட்டும்) போட்டு பாத்தா குட்டு வெளிப்படும்.

அளக்கறதுல ஒரு பொறி இருக்கு, உங்க டேபிள பாத்தா அதுல நீங்க விழுந்துட்டீங்க. 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி வந்தத கரைஞ்ச சி.ஓ.டி.ன்னு போட்டு, 70 சதவீதம் கரைஞ்சதுதானேன்னு கேட்டிருக்கீங்க. ஃபில்டர் தாளுக்கு கரைஞ்சதா தெரியறது பாக்டீரியாவுக்கு கரைஞ்சதா ஆயிடாது. நெல்ல சுடுதண்ணில ஊறப்போடறப்ப தண்ணி 60, 70 டிகிரில இருக்கும், அரிசி ஸ்டார்ச் கூழாவறதும் கிட்டத்தட்ட அங்க ஆரம்பிக்கறதுதான். நொய், கருக்கா, உடைஞ்ச அரிசிலேர்ந்து வெளிய வந்த ஸ்டார்ச் கூழாகி, ஃபில்டர் வழியா ஜம்முன்னு நழுவிடும், ஆனா உருண்டைக்குள்ள நுழையாது. உண்மைல கரைஞ்சது எவ்வளவுன்னு பாக்கணும்னா ஜிங்க் சல்பேட் போட்டு உறைய வச்சு வடிகட்டற முறைய பண்ணுங்க: 100 மில்லி சாம்பிளுக்கு லிட்டருக்கு 100 கிராம் பலத்துல ஜிங்க் சல்பேட் கரைசல் 1 மில்லி, ஒரு நிமிஷம் வேகமா கலக்கி, காஸ்டிக் சோடாவால பி.எச்ச 10.5க்கு ஏத்தி, லேசா கலக்கிவிட்டு படிய விட்டு, மேல் தெளிவ மட்டும் 0.45ல வடிகட்டி சி.ஓ.டி போடுங்க. சாதா ஃபில்டர் நம்பருக்கும் இதுக்கும் இருக்கற வித்தியாசம்தான் உங்க பஞ்சுக்கு காரணமான கூழ். கைடு சொன்னபடி வடிகட்டி போட்டாலும் பஞ்சு நிக்காதுன்னு நான் நெனைக்கறதுக்கு காரணமும் இதான், அவர் தடுக்க நெனைக்கற ஆள் ஏற்கனவே கதவ தாண்டிட்டான்.

சரி, என்ன பண்றது. மில்லுலேர்ந்து வர்ற தண்ணில கருக்கா, உமி, தவிட்டுக் கட்டிய மெல்லிய நைலான் வலைல வடிச்சுடுங்க, அதுல யாருக்கும் லாபம் இல்ல. மிச்ச கலங்கல எடுக்க வேணாம், புளிக்க விடுங்க. ஒரு பக்கெட்ல மூடி போட்டு பன்னெண்டுலேர்ந்து இருபத்திநாலு மணி நேரம், காத்தடிக்காம, முந்தின நாள் புளிச்சதுல கொஞ்சம் உறை ஊத்தி. மோருக்கு உறை ஊத்தற கதைதான். ஆனா ஊறல் தண்ணில அல்கலினிட்டி (பி.எச் எறங்காம தாங்கற சக்தி) கம்மி, பி.எச் கடகடன்னு எறங்கி அஞ்சுக்கு கீழ போச்சுன்னா புளிக்கறதே நின்னுடும், சோடா உப்பு போட்டு ஆறு பக்கத்துல பிடிச்சு வைங்க. பைலட்ல நாங்க பழைய ஈக்வலைசேஷன் டேங்க்ல (வர்ற தண்ணிய சேத்து சமன் பண்ற தொட்டி) ஏர் லைன மூடிட்டு அதத்தான் பண்ணோம், மூணு வாரத்துல அயோடின் வளையம் வெளுத்துது, சிலிண்டர்ல 420 மெதுவா 230க்கு எறங்குச்சு. பழைய 180க்கு கடைசி வரைக்கும் திரும்பல, அத மறைக்க விரும்பல. மில் சைஸுக்கு போனா முன்னாடி ஒரு யு.ஏ.எஸ்.பி (காத்தில்லாம, கீழேர்ந்து தண்ணிய ஏத்தி சுத்தம் பண்ற டேங்க்) போட்டு பாதிக்கு மேல சி.ஓ.டி.ய அங்கயே முடிச்சு காஸா எடுத்துடறதுதான் காசுக்கு புத்திசாலித்தனம், ஆனா உங்க ப்ராஜெக்ட் அது இல்லயே.

நான் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். பஞ்சு வந்ததும் பயந்துபோய், மெதுவா எறங்கறத எல்லாம் வெளிய தள்ளிடலாம்னு செட்லிங் டைம (ஸ்லட்ஜு படிய விடற நேரம்) பத்து நிமிஷத்துலேர்ந்து ஒரே நாள்ல மூணு நிமிஷமாக்கினேன். அசிடேட்ல அது செல்லும், அங்க உருண்டை சீக்கிரம் வளர்ந்து ஈடு கட்டிடும். துகள் தண்ணில வளர்றதே மெதுவா, போனது போனதுதான். நாலு நாள்ல டேங்க்ல இருந்த ஸ்லட்ஜுல முக்காவாசி வெளிய வந்து, பின்னாடி இருந்த குட்டை பூரா பழுப்பாயி, மில் முதலாளி வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏன் தம்பி, தவிடு நாங்க விக்கறோம், நீங்க ஏன் தண்ணில விடறீங்க"ன்னு கேட்டார். பதில் சொல்ல வாய் வரல. மறுபடி பக்கத்து எஸ்.டி.பி.லேர்ந்து விதை ஸ்லட்ஜு கொண்டாந்து, பத்து நிமிஷத்துலயே வச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு நிமிஷம்னு குறைச்சுதான் வழிக்கு வந்துச்சு. நிஜத் தண்ணில மாசக்கணக்கு ஆவும், ஆறு வாரத்துல உருண்டை வந்த பழைய ஞாபகத்த வச்சுகிட்டு அவசரப்படாதீங்க. அதே மாதிரி நிஜத் தண்ணிய ஒரே நாள்ல நூறு சதவீதம் மாத்தாதீங்க, அசிடேட்ட கால்வாசி கால்வாசியா குறைச்சுகிட்டே வாங்க.

கடைசியா அந்த ஒரு வாரம் நல்லது, ஒரு வாரம் கெட்டது கதை. உங்க போட்டோ ரெண்டாவதுல பின்னாடி ஃப்ரிட்ஜ் ஒண்ணு நிக்குது, அதுக்குள்ள நீல கேன் தெரியுது. மில்லுலேர்ந்து பத்து நாளைக்கு ஒருதடவ கொண்டாந்து நாலு டிகிரில வச்சு எடுத்து எடுத்து போடறீங்கன்னு நெனைக்கறேன், சாம்பிள் கெடாம இருக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கும், சி.ஓ.டி போடற சாம்பிளுக்கு அது சரி. ஆனா கூழான ஸ்டார்ச்ச குளிர்ல வச்சா அது மறுபடி இறுகும், ஃப்ரிட்ஜ்ல வச்ச சோறு மறுநாள் வெறைச்சு போவுதே அதேதான், அதுவும் நாலு டிகிரி பக்கத்துலதான் வேகமா இறுகும், இறுகினத என்சைம் வெட்டறதும் கஷ்டம். அப்ப கேன் புதுசா இருக்கற முதல் ரெண்டு மூணு நாள் ஒரு சாப்பாடு, எட்டாம் நாள் வேற சாப்பாடு, பேர் மட்டும் ஒண்ணு. இது என் சந்தேகம்தான், உங்க டேங்க்க நான் நேர்ல பாக்கல. சோதிக்கறது சுலபம், கேன்லேர்ந்து முதல் நாள் அம்பது மில்லி, எட்டாம் நாள் அம்பது மில்லி எடுத்து, ரெண்டையும் அறை சூட்டுக்கு கொண்டாந்து, ஒரே அளவு ஸ்லட்ஜு போட்டு மூடி வச்சு, ஆறு மணி நேரம் கழிச்சு ஜிங்க் சல்பேட் முறைல சி.ஓ.டி பாருங்க. எட்டாம் நாள் சாம்பிள்ல கரைஞ்சது கம்மியா இருந்தா கேன ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்துட்டு, ரெண்டு நாளைக்கு ஒருதடவ பஸ்ஸுல போய் புதுசா புடிச்சுகிட்டு வாங்க, ஊறல் தொட்டிய விடியக்காலைலதான் திறந்து விடுவாங்க, அஞ்சு மணிக்குள்ள போயிடுங்க.